சுழியம் கிலோவாட்

கிரீனாக் நகரத்தில் நீர் பொழியவில்லை என்று எவரும் எக்காலத்திலும் குறை கூறியதில்லை. வானம் தன் கடமையை விடுமுறையின்றி, எந்தக் குழுவின் ஒப்புதலையும் கோராமல், நாள்தோறும் ஆற்றிவந்தது. எனினும் அந்நகரத்தின் மேட்டுத்தெருவில் வாழ்ந்த ஃபெர்கஸ் ட்வீடி அவர்களின் குளியலறையில், நவம்பர் மாதத்துத் திங்கட்கிழமை ஒன்றின் காலையில், நீர் பொழிவது நின்றுபோயிற்று. சுவரில் பொருத்தப்பட்டிருந்த ஏழரைக் கிலோவாட் மின் ஷவர், 'டப்' என்று ஓர் ஓசை எழுப்பி, கருகிய வாடையைத் தன் பிரியாவிடையாக விட்டு, பணியினின்றும் ஓய்வு பெற்றது.

ஃபெர்கஸ் படகுத்துறையில் பயணச்சீட்டுக் கிழித்து ஓய்வு பெற்றவர். ஆதலின் ஓய்வு பெறும் எதன்மீதும் அவருக்கு மனக்கசப்பு எழுவதில்லை. மனக்கசப்பு அவருடைய மனைவி எஃபிக்கு எழுந்தது. ஏனெனில் அந்தப் பெட்டி ஓய்வு பெற்ற தருணத்தில், தலை நிறையச் சோப்பு நுரையுடன் அதன்கீழ் நின்றுகொண்டிருந்தவர் அவரே.

"யோவ்! செத்துப்போச்சுய்யா இது!" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது.

"எது?"

"நான் இல்ல. நான் இனிமேதான்!"

எஃபிக்கு மூட்டுவாதம். காலையில் அவருடைய விரல்கள் மடங்கியபடியே கிடக்கும். தோள்களிலும் கைகளிலும் வெந்நீர் நன்றாகப் பாய்ந்த பின்னரே அவை ஒரு பொத்தானைப் பூட்டுவதற்கு இசையும். உண்மையில், இறந்துபோன ஷவர் உயிருடன் இருந்தபோதே இப்பணியை ஒழுங்காகச் செய்ததில்லை. குளிர்காலத்தில் குழாய்வழி வருவது, நீர் என்னும் பெயரில் உலவும் பனிக்கட்டியேயாகும். ஏழரைக் கிலோவாட்டால் அதைச் சூடாக்க இயலும்; அல்லது தாராளமாகப் பொழிவிக்க இயலும். இரண்டையும் ஒருசேரச் செய்ய அதனால் இயலாது. ஆகவே எஃபி ஒவ்வொரு குளிர்காலத்திலும் ஒரு நூல் அளவு வெந்நீரின்கீழ் தம் உடலைப் பகுதி பகுதியாகக் காட்டிக்கொண்டு நின்றார்.

புதிய ஷவர் ஒன்றைக் கடையில் வாங்கிப் பொருத்திவிடலாம் என்று எண்ணுவோர் மேட்டுத்தெருவை அறியாதவர்கள். அத்தெருவின் வீடுகள் யாவும் ஆற்றுமுகக் குடியிருப்புச் சங்கத்துக்கு உரியவை. கம்பியால் சுவரோடு இணைக்கப்பட்ட எப்பொருளும் சங்கத்தின் பொறுப்பு. அதன் ஆற்றல் எத்தனை கிலோவாட் என்று தீர்மானிப்பது சங்கத்தின் வெந்நீர்த் தகுதிக் குழுவின் தனியுரிமை. சங்கம் ஈராண்டுகளுக்கு முன்னரே தெரு முழுவதற்கும் தடித்த மின்கம்பி பதித்திருந்தது. எவ்வளவு பெரிய ஷவரையும் அக்கம்பி தாங்கும். அப்பணியைக் குறித்த நாளில் முடித்துவிட்ட கம்பிக் குழு, மற்றக் குழுக்களுக்குத் தீய முன்மாதிரியாக விளங்கியது என்று கருதப்பட்டு, உடனடியாகக் கலைக்கப்பட்டது.

முதலில் வந்தவர் மிஸ் ஐல்சா பிரிங்கிள். அவர் வெந்நீர்த் தேவை விசாரணை அலுவலர். மழைக்கோட்டைக் கழற்றாமல் குளியலறையின் வாயிலில் நின்று, கருகிய பெட்டியை நோக்கி, துக்க வீட்டில் பேசும் குரலில் வினவினார்.

"எப்படி இருக்கீங்க, மிஸ்டர் ட்வீடி? இந்த ஷவர் இல்லாம எப்படிச் சமாளிக்கிறீங்க?"

கிளைடு ஆற்றங்கரையில் பிறந்த ஒருவரிடம் இவ்வாறு கேட்டால் கிடைக்கக்கூடிய விடை ஒன்றே ஒன்றுதான். ஃபெர்கஸின் தந்தை, கப்பல் கட்டும் தளத்தில் உத்தரம் விழுந்து கால் முறிந்து கிடந்தபோதும் அவ்விடையையே சொன்னார். மருத்துவர் அந்தக் காலை எடுத்துவிட வேண்டும் என்றபோதும், சற்றுச் சிந்தித்துவிட்டு, அவ்விடையையே சொன்னார். அதற்கு மேல் சொல்வது முறையீடு. முறையீடு என்பது திறந்த வீதியில் உள்ளாடையுடன் நிற்பதற்கு நிகர்.

"பரவால்லைங்க" என்றார் ஃபெர்கஸ்.

மிஸ் பிரிங்கிளின் முகம் மலர்ந்தது. நன்றி கூறி விடைபெற்றார்.

கதவு மூடப்பட்டதும் எஃபி சமையலறையிலிருந்து வெளிப்பட்டார். அவர் தலையில் துண்டு, கையில் கெட்டில்.

"பரவால்லையா? என்னய்யா பரவால்ல? கெட்டில்ல தண்ணி காய்ச்சி, கேக்குக்கு ஜாம் தடவுற மாதிரி உடம்புல தடவிக்கிட்டு நிக்கிறேன். பரவால்லையாம்!"

"மரியாதைக்குச் சொல்றதுதானேம்மா. அவங்களுக்கே புரியும்."

"அவங்களுக்கு என்ன புரியும்? நீ சொன்னதுதான் புரியும்!"

மறுநாள் எஃபி ஒரு முடிவுக்கு வந்தார். அடுத்த ஊரான கூரக்கில் அவருடைய அக்காள் மைசி சொந்த வீட்டில் வாழ்ந்தார். அவ்வீட்டின் குளியலறையில் பத்தரைக் கிலோவாட் ஷவர் இருந்தது. அதை மைசி எவரிடமும் மறைத்ததில்லை, தபால்காரரிடம்கூட மறைத்ததில்லை. எஃபி துண்டையும் சோப்பையும் பையில் இட்டுக்கொண்டு பேருந்தில் கூரக்குக்குச் சென்று, குளித்து, காலை உணவுக்குத் திரும்பினார்.

முதல் வாரத்தில் அவர் திரும்பியது காலை உணவுக்கு. அடுத்து வந்த வாரத்தில் மதிய உணவு அங்கேயே முடிந்தது. அதன்பின் தேநீரும் அங்கேயே. ஒரு மாலை அவர் வீடு திரும்பியபோது விரல்கள் நன்றாக விரிந்திருந்தன, கன்னங்கள் சிவந்திருந்தன, பேச்சில் 'எங்க வீட்டுல' என்னும் சொல் கூரக்கைக் குறித்தது. மனைவியை இன்னோர் ஆடவனிடம் இழப்போர் உண்டு என்பது ஃபெர்கஸுக்குத் தெரியும். அத்தகையவனோடு சண்டையேனும் போடலாம். பத்தரைக் கிலோவாட்டோடு என்ன செய்வது?

மைசியே தொலைபேசியில் அழைத்தார்.

"என்ன மாப்ளே, உங்க சங்கம் இன்னும் யோசிக்குதா? இங்க மாடி ரூமைச் சுத்தம் பண்ணிட்டேன். அவ பேசாம வசந்தம் வர்ற வரைக்கும் இங்கயே இருக்கட்டும்."

"வசந்தமா? அது இங்க எப்ப வந்திருக்கு?"

"அதத்தான் நானும் சொல்றேன்" என்றார் மைசி, மிக இனிமையாக.

ஃபெர்கஸ் அன்றே சங்கத்துக்கு நேரில் சென்று, தொப்பியைக் கையில் பிடித்தபடி, தம் வாழ்நாளில் செய்த மிகக் கடுமையான முறையீட்டைச் செய்தார். "ஒண்ணும் அவசரம் இல்லைங்க. ஆனா கொஞ்சம் பாத்தீங்கன்னா நல்லா இருக்கும்." சங்கம் அதிர்ந்தது. உடனடியாகக் கள ஆய்வுக்கு ஆணை பிறந்தது.

ஆய்வை நடத்த வந்தவர் பாய்வுத் துறைத் தலைவர் மிஸ்டர் கிரிஸ்பின் லோகி. உடன் மிஸ் பிரிங்கிளும் வந்தார். அவர்கள் ஒரு பூவாளி, ஒரு நிறுத்தற் கடிகாரம், ஒரு தகரப் பெட்டி நிறைய வெண்ணெய் பிஸ்கட் ஆகியவற்றைக் கொண்டுவந்தனர். ஃபெர்கஸ் மழைக்கோட்டு அணிந்து குளியல் தொட்டிக்குள் நிற்குமாறு பணிக்கப்பட்டார்.

"கிலோவாட் கூடக்கூட வெந்நீர் அதிகமா கொட்டும். அதான் அடிப்படை" என்று விளக்கினார் லோகி, நாற்காலிமேல் ஏறியபடி. "நான் ஒவ்வொரு கிலோவாட்டுக்கும் உரிய வேகத்துல ஊத்துவேன். உங்களுக்கு எது பொருத்தம்னு நீங்க சொல்லணும். சுலபம்தான்."

"தண்ணி சூடா இருக்குமா?"

லோகி புண்பட்டவராகக் கீழே நோக்கினார். "மிஸ்டர் ட்வீடி, நான் பாய்வுத் துறை. சூடு என்னோட துறை இல்ல. அவங்க வேற மாடி."

முதலில் ஏழரை ஊற்றப்பட்டது. டிசம்பர் மாதத்துக் குழாய்நீர் ஃபெர்கஸின் கழுத்துப்பட்டை வழியாக உள்ளே புகுந்து, தான் செல்ல விரும்பிய இடங்களுக்கெல்லாம் சென்றது.

"எப்படி இருக்கு?"

"ப... ப... பரவால்ல."

எட்டரை ஊற்றப்பட்டது. பரவாயில்லை. ஒன்பதரை ஊற்றப்பட்டது. ஃபெர்கஸின் உதடுகள் நீலமாயின, விடை மாறவில்லை. பத்தரைக்குப் பூவாளி போதாமையால் மிஸ் பிரிங்கிள் வாளியைத் தந்து உதவினார். வாளி முழுவதும் தலையில் கவிழ்ந்த பின்னர், தண்ணீருக்கு உள்ளேயிருந்து அதே சொல் வெளிவந்தது.

"இப்ப ஒரு நிமிஷம்" என்றார் லோகி. "அறிவியல் முறைன்னு ஒண்ணு இருக்கு." அவர் காலி பூவாளியை ஃபெர்கஸின் தலைக்கு மேல் பிடித்து, கடிகாரத்தை நோக்கியவாறு, எதையும் ஊற்றாமல் நின்றார். "இப்ப எப்படி இருக்கு?"

"ரொம்பப் பரவால்லைங்க" என்றார் ஃபெர்கஸ், நெஞ்சாரவே.

இருவரும் ஒருவரையொருவர் பொருள்பொதிந்த பார்வை பார்த்துக்கொண்டனர். பின்னர் பிஸ்கட் உண்டனர்.

வெந்நீர்த் தகுதிக் குழு வியாழக்கிழமை கூடியது. குழுவின் தலைவர் திருமதி வினிஃப்ரெட் கார்மைக்கேல். அவர் செழுமையான சிவந்த முகமும், எப்போதும் சற்றே ஈரமாகத் தோன்றும் நரைமுடியும் உடையவர். அவருக்கு வலப்புறத்தில் எட்டரைக் கட்சியினரும் இடப்புறத்தில் ஒன்பதரைக் கட்சியினரும் அமர்ந்தனர். இவ்விரு கட்சியினரும் ஒரே தேநீர்க் குடுவையிலிருந்து அருந்துவதில்லை. ஃபெர்கஸுக்குக் கதவருகே ஒரு மடக்கு நாற்காலி வழங்கப்பட்டது.

தலைவர் எழுந்து தொடக்கவுரை ஆற்றினார்.

"நண்பர்களே, நாம யார்? வெந்நீர் குடுக்கிறவங்களா? இல்ல. வெந்நீர் யார் வேணா குடுக்கலாம். நாம *சரியான* வெந்நீர் குடுக்கிறவங்க. சரியானது எதுன்னு தெரியுற வரைக்கும் எதையும் குடுக்காம இருக்கிற மனவுறுதி நமக்கு இருக்கு. இந்தக் குழு ஆரம்பிச்சு பதினோரு வருஷம். இந்தப் பதினோரு வருஷத்துல ஒரே ஒரு வீட்டுலகூட நாம தப்பான ஷவர் மாட்டினதில்ல!"

கரவொலி எழுந்தது.

"எத்தனை வீட்டுல மாட்டியிருக்கீங்க?" என்று ஃபெர்கஸ் அறியும் ஆவலால் கேட்டார்.

"அதத்தானே சொன்னேன்" என்றார் தலைவர். "ஒரே ஒரு வீட்டுலகூட இல்ல."

லோகி தம் ஆய்வின் முடிவை விளக்கினார். ஏழரை முதல் பத்தரை வரை எல்லா ஆற்றலும் குடியிருப்பாளருக்குப் பொருத்தமாக உள்ளது என்றும், எதையும் ஊற்றாதபோது மட்டுமே அவர் 'ரொம்ப' என்னும் சொல்லைத் தாமாகச் சேர்த்தார் என்றும், தமது பணிக்காலத்தில் இத்துணைத் தெளிவான முடிவைக் கண்டதில்லை என்றும் கூறினார். அவையில் வியப்பொலி பரவியது.

ஃபெர்கஸ் எழுந்தார். "என் மனைவிக்கு மூட்டுவாதங்க..."

"உங்க மனைவி இப்ப எங்க இருக்காங்க?" என்று தலைவர் பரிவுடன் கேட்டார்.

"அவங்க அக்கா வீட்டுல."

"குளிச்சாச்சா?"

"ஆச்சு."

"நீங்க?"

"நான் சமையல்கட்டுத் தொட்டியில ஏதோ..."

"குளிச்சாச்சு. அப்ப உங்க வீட்டுல குளிக்காத ஆளே கிடையாது. சரி, அந்தத் தொட்டி எப்படி இருந்துச்சு?"

ஃபெர்கஸ் பற்களைக் கடித்தார். நாக்கைக் கடித்தார். எனினும் பெற்றோர் வளர்த்த வளர்ப்பு பற்களுக்கு இடையே வழி கண்டது. "பரவால்ல."

தீர்ப்பு ஒருமனதாக அமைந்தது. எட்டரைக் கட்சியும் ஒன்பதரைக் கட்சியும் வரலாற்றில் முதன்முறையாகக் கைகுலுக்கிக்கொண்டன. எதிர்க்கட்சி வெல்லவில்லை என்பதால் இரண்டுமே வென்றதாகக் கருதின. மிஸ்டர் ட்வீடியின் இல்லத்துக்குச் சரியான ஆற்றல் சுழியம் கிலோவாட். அதனை உடனடியாகப் பொருத்துவது, தலைவரே திறந்துவைப்பது, செய்தித்தாளின் புகைப்படக்காரரை அழைப்பது எனவும் முடிவாயிற்று.

எஃபி இச்செய்தியைக் கேட்டார். பின்னர் படுக்கையறைக்குச் சென்று, அலமாரியின் மேலிருந்த பயணப் பெட்டியை இறக்கினார்.

"சனிக்கிழமை நாலு மணி பஸ்ஸுல போறேன்."

"எஃபி, நான் சொன்னேம்மா அவங்ககிட்ட..."

"என்ன சொன்ன? சொல்லு பாப்போம். என்ன சொன்ன?"

ஃபெர்கஸ் பெட்டியின் தூசியைத் தம் சட்டைக் கையால் துடைத்தார்.

"நாப்பது வருஷமா உன்கூட இருக்கேன்யா. ஒரு தடவை, ஒரே ஒரு தடவைகூட, எனக்காக நீ முகம் சுளிச்சு நான் பாத்ததில்ல. எனக்கு வெந்நீர்தான் வேணும்னு நினைக்கிறியா?" என்று கூறிவிட்டு, எஃபி தம் கம்பளிச் சட்டைகளை மடிக்கலானார். மடிப்புகள் கோணலாக விழுந்தன. விரல்கள் அன்று ஒத்துழைக்கவில்லை.

சனிக்கிழமை பிற்பகலில் சுழியம் கிலோவாட் ஷவர் மேட்டுத்தெருவுக்கு வந்துசேர்ந்தது. பார்வைக்கு அது குறையேதுமற்றதாக இருந்தது: பளபளக்கும் வெள்ளைப் பெட்டி, வெள்ளிநிற நீர்த்தூவி, ஒரு குமிழ். குமிழ் இருபுறமும் திரும்பியது. பின்புறத்தில் கம்பியும் இல்லை, குழாயும் இல்லை. ஆகவே பழுதாவதற்கு வாய்ப்பும் இல்லை என்று லோகி பெருமிதத்துடன் எடுத்துரைத்தார். அதன் குறுக்கே நீல நாடா கட்டப்பட்டது. தலைவர் தொட்டியருகே நின்றார். புகைப்படக்காரர் தொட்டிக்குள் நின்றார். மிஸ் பிரிங்கிள் கழிப்பறை இருக்கையின்மேல் ஏறி நின்றார். அண்டை வீட்டார் வாசற்படிக்கட்டில் கீழ்வரை வரிசையாக நின்றனர். வரிசை ஒன்று உருவாகிவிட்டால் எதற்கென்று கேளாமல் அதில் நிற்பது அவர்களுடைய வழக்கம்.

தலைவர் நாடாவை வெட்டினார். கூரையிலிருந்து தொங்கிய, ஷவர் ஸ்விட்சின் இழுகயிற்றை இழுத்தார். எதுவும் நிகழவில்லை. அனைவரும் கைதட்டினர்.

"ஒரு துளிகூட வீணாகல!" என்று தலைவர் புகைப்படக்காரரிடம் முழங்கினார். "மின்சாரச் செலவு இல்ல. யாருக்கும் சூடுபட்டுக் கொப்பளிக்காது. இந்த நாட்டுல எல்லா வீட்டுக்கும் இதத்தான் நான் கனவு காணுறேன். இப்ப குடியிருப்பவரோட வாயாலயே கேப்போம். மிஸ்டர் ட்வீடி, உங்க புது ஷவர் எப்படி இருக்கு?"

எல்லா முகங்களும் திரும்பின. ஃபெர்கஸ் கதவு வழியாகக் கூடத்தை நோக்கினார். அங்கே எஃபி புறப்படுவதற்காகக் கோட்டு அணிந்துகொண்டிருந்தார். மேற்பொத்தான் பூட்டப்பட்டிருந்தது. இரண்டாவது பொத்தான் துளைக்கு அருகே சென்று, நழுவி, மீண்டும் சென்று, மீண்டும் நழுவியது. எஃபி அதை விட்டுவிட்டு, கோட்டின் இரு ஓரங்களையும் மடங்கிய விரல்களால் சேர்த்துப் பிடித்துக்கொண்டு, பெட்டியை எடுக்கக் குனிந்தார்.

"மோசம்" என்றார் ஃபெர்கஸ்.

மிஸ் பிரிங்கிள் இருக்கையிலிருந்து இறங்கி, அதன்மீதே அமர்ந்தார்.

"அதாவது... பரவால்லாத அளவுக்கு மோசம்?" என்று அவர் உதவ முற்பட்டார்.

"இல்லைங்க. மோசம். ரொம்ப ரொம்ப மோசம். இது ஷவரே இல்ல, டப்பா. என் பொண்டாட்டிக்குக் கை வலிக்குது. எனக்குக் குளிருது. பூவாளியும் மோசம். அந்த பிஸ்கட்டைக்கூட எனக்கு ஒண்ணு குடுக்கல!"

படிக்கட்டின் கீழ்ப்பகுதியிலிருந்து முதியவர் ஒருவரின் நடுங்கும் குரல் எழுந்தது: "எங்க வீட்டுலயும் மோசம்தான்!" அதற்கு மேற்படியில் நின்ற பெண்மணி, "அப்படி எல்லாம் சொல்லலாமா?" என்று முதலில் அதிர்ந்தார், அடுத்த நொடியில், "எங்களது பதினோரு வருஷமா மோசம்!" என்று அவரைக் காட்டிலும் உரக்கக் கூவினார். அச்சொல் படிக்கட்டு நெடுகிலும் இறங்கித் தெருவுக்குப் போயிற்று. புகைப்படக்காரர் குறிப்பெடுக்கப் பென்சில் கேட்டார்.

தலைவர் குளியலறைக் கதவை உட்புறமாகத் தாழிட்டார்.

"என்ன வேணும் உங்களுக்கு?" என்றார், பற்களுக்கு இடையே.

"பத்தரை."

"எங்ககிட்ட இருக்கிறதே ஒண்ணுதான்."

"எங்க?"

லோகி தம் காலணிகளை உற்றுநோக்கினார். மிஸ் பிரிங்கிளும் அவருடைய காலணிகளையே உற்றுநோக்கினார்.

"ஆபீசுல. என் ரூம் பக்கத்துல" என்றார் தலைவர். "மாதிரிக்காக வச்சது. பரிசோதனைக்கு. தினம் காலையில நானே நேர்ல நின்னு பரிசோதிக்கிறேன். பொறுப்புன்னு ஒண்ணு இருக்கு இல்லையா?"

"எப்படி இருக்கு அது?"

"அருமை" என்றார் தலைவர், தம்மைத் தடுத்துக்கொள்ளும் முன்னரே.

அன்று மாலைக்குள் சங்கத்தின் ஊழியர்கள் அந்த ஷவரைக் கழற்றிக் கொணர்ந்து, காத்துக்கிடந்த தடித்த கம்பியில் பொருத்தினர். பொருத்துவதற்கு ஒரு தேநீர் ஆறும் நேரம் பிடித்தது. வரிசையில் நின்ற மற்றவர்களுக்கும் குளிர்காலம் முடிவதற்குள் பத்தரை வழங்கப்படும் என்று தலைவர் புகைப்படக்காரரின் பென்சிலுக்கு எதிரே உறுதியளிக்க நேர்ந்தது.

ஆயினும் எஃபி அங்கு இல்லை. கதவு தாழிடப்பட்டிருந்தபோதே நான்கு மணிப் பேருந்து வந்துவிட்டது. கூடத்தில் அவர் ஒரு கணம் நின்றதாகவும், 'அட, பேசிட்டானே' என்று தமக்குள் சொல்லிக்கொண்டதாகவும், பின்னர் பெட்டியுடன் போய்விட்டதாகவும் அண்டை வீட்டார் கூறினர். ஃபெர்கஸ் தனியே ஷவரின்கீழ் நின்றார். வெந்நீர் கயிறு கயிறாகக் கொட்டியது. குளியலறை முழுவதும் ஆவி நிறைந்தது. இத்தனை சுகத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று அவருக்குத் தெரியவில்லை. ஈரத்துண்டுடன் சென்று தொலைபேசியை எடுத்தார்.

மைசிதான் பேசினார். "பத்தரையா? சும்மா சொல்லாத மாப்ளே."

"பெட்டியிலயே எழுதியிருக்கு."

மறுமுனையில் காலடியோசை போய்த் திரும்பியது. "என்னோடதுல ஒன்பதரைன்னு போட்டிருக்கு" என்றார் மைசி இறுதியில், மிகத் தாழ்ந்த குரலில். "கடைக்காரன் ஏமாத்திட்டான். எஃபிகிட்ட சொல்லிடாத. அவ எங்கயா? கோட்டப் போட்டுக்கிட்டு வாசல்ல நிக்கிறா. நீ என்னவோ சொன்னியாமே, வந்ததுலேருந்து அதையே சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறா. காலையில முதல் பஸ்ல வரணுமாம். இப்பவே போய் நிக்கிறா பைத்தியக்காரி."

ஞாயிற்றுக்கிழமை காலையில் அழைப்புமணி ஒலித்தது. ஃபெர்கஸ் கதவைத் திறந்தார். எஃபி மழையில் நனைந்து நின்றார். கணவரின் முகத்தை, அதில் புதிதாக எதுவோ முளைத்திருப்பதுபோல், சற்றுநேரம் பார்த்தார். பின்னர் அவரைத் தாண்டி நேரே குளியலறைக்குச் சென்றார். இழுகயிறு 'கிளிக்' என்றது. நீர் கொட்டும் ஓசை வீடு முழுவதும் நிறைந்தது.

வாயிலில் இன்னும் ஒருவர் நின்றிருந்தார். மைசியின் இரு கைகளிலும் இரண்டு பெரிய பெட்டிகள் இருந்தன. கழுத்தில் துண்டு இருந்தது.

"ஒரு வாரம்தான் மாப்ளே" என்றார் மைசி. "பரிசோதிச்சுப் பாத்துட்டுப் போயிடுறேன்."

ஃபெர்கஸ் அந்தப் பெட்டிகளைப் பார்த்தார். அவை ஒரு வாரத்துக்குரிய பெட்டிகள் அல்ல. தம் கருத்தை வெளிப்படையாகச் சொல்லும் ஆற்றல் இப்போது அவருக்கு இருந்தது. அதைச் சொல்ல வாயையும் திறந்தார். அப்போது குளியலறைக் கதவு சற்றே திறந்தது. ஆவிக்கு நடுவிலிருந்து இரு கைகள் நீண்டு, எஃபியின் நனைந்த கோட்டைக் கூடத்தின் கொக்கியில் மாட்டின. மாட்டியபின், ஒழுகும் நீரைப் பிழிந்துவிட்டு, அதன் பொத்தான்களை, ஒன்றும் நழுவாமல், ஒன்றன்பின் ஒன்றாகப் பூட்டின.

ஃபெர்கஸ் வாயை மூடிக்கொண்டு, இரண்டு பெட்டிகளையும் தூக்கிக்கொண்டு உள்ளே போனார்.